எங்கள் மனுக்கள் ஏன் கீழே இறங்குகின்றன? உள்துறைச் செயலாளருக்கு வட சென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: போலீஸ் மீது பொதுமக்கள் கொடுக்கும் புகார்களை யார் விசாரிப்பது என்பது குறித்து.

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வட சென்னையில் ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம், ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு போக, கடைக்கு வரும் வேலையில் ஒரு பங்கு மனு. மனுக்களில் ஒரு பங்கு போலீஸ் மேல் கொடுக்கும் மனு. அவற்றில் உங்கள் பதவியை எத்தனையோ தடவை தட்டியிருக்கிறேன், ஆனால் எப்போதும் நகல் வரிசையில். நகல் 1 முதல்வர் தனிப்பிரிவு, நகல் 2 உள்துறைச் செயலாளர், நகல் 3 டிஜிபி என்று போகும். இந்த முறை உங்களைப் பெறுநர் இடத்திலேயே போட்டிருக்கிறேன். தமிழ்நாடு காவல் (சீர்திருத்த) சட்டம், 2013 சொல்கிறபடி மாநில அளவிலான காவல் புகார் ஆணையத்துக்கு நீங்கள்தான் தலைவர். அப்படி ஒரு ஆணையம் இருப்பது என் கடைக்கு வந்து போகும் வக்கீல் குமாஸ்தாக்களிலேயே பல பேருக்குத் தெரியாது. மனு கொடுக்க வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

மனு ஒன்று எந்த வழியாகப் போய் எங்கே வந்து சேர்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டையில் இருப்பவர்களுக்கு அதன் மேல் பாதிதான் தெரியும். கீழ்ப் பாதி எங்களுக்குத்தான் தெரியும்.

மீன் சுத்தம் செய்து கொடுத்துப் பிழைக்கிற ஒரு அக்கா. அவருடைய மகனை ராத்திரி வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்மா" என்றுதான் சொன்னார்கள். கைது என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. மறுநாளைக்கு மறுநாள் பையன் வந்தபோது உள்ளங்கால் வீங்கி, செருப்பு போட முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அரசு மருத்துவமனையில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்க, "மாடிப்படில விழுந்துட்டேன்" என்றிருக்கிறான். கூட நின்றது யார் என்று தெரிந்தால் அவன் வேறு என்ன சொல்லியிருப்பான் என்று கேட்க மாட்டீர்கள். காயத்தை டாக்டர் பதிவு செய்யும் ஏ.ஆர். காப்பியில் மாடிப்படி ஏறிவிட்டது.

அக்கா என் கடைக்கு வந்தார். "தம்பி, எம்புள்ள தப்பு பண்ணியிருந்தா கோர்ட்டுல நிறுத்தட்டும். அடிக்கிறதுக்கு இவங்க யாரு?" என்று கேட்டார். அதையே அலுவலகத் தமிழில் ஒன்றரைப் பக்கத்துக்கு அடித்துக் கொடுத்தேன். கமிஷனர் அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், நகல்கள் வழக்கம்போல.

அந்த மனு வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் நுழைந்தது. கூடுதல் ஆணையர், இணை ஆணையர், துணை ஆணையர், உதவி ஆணையர் என்று ஒவ்வொரு மேசையிலும் ஒரு எண்ணும், 'மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று ஒரு வரியும் சேர்ந்தன. மேல்நடவடிக்கை என்று எழுதி எழுதியே அதைக் கீழே இறக்கினார்கள். கடைசியில் அது வந்து விழுந்தது பையனை வைத்திருந்த அதே ஸ்டேஷனில். வீட்டுக்குக் காவலர் வந்து "ஐயா கூப்பிடறாரு" என்றார். அக்கா போனார். அவர் கையெழுத்துப் போட்ட மனு, குண்டூசி குத்தி, மேசை மேல் இருந்தது. "இன்னாம்மா, மேல எழுதிப் போட்டா பயந்துடுவோமா? பாரு, சுத்திச் சுத்தி என் டேபிளுக்குத்தான் வந்துகீது."

ரைட்டர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். தவறான புரிதலால் மனு கொடுத்துவிட்டதாகவும், மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்றும். கொஞ்ச நாளில் செல்போனுக்குத் தகவல் வந்தது: மனுதாரர் நேரில் விசாரிக்கப்பட்டார், மனு முடிக்கப்பட்டது.

எந்த ஸ்டேஷன், எந்த ஆண்டு என்று எழுதவில்லை. எழுதினால் உங்கள் அலுவலகத்திலிருந்து போன் வருவதற்கு முன்னால் அந்த அக்கா வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

அந்த அதிகாரி மோசமானவர் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். அது என் வாதம் இல்லை. தன்மேல் வந்த புகாரைத் தானே விசாரித்து அறிக்கை எழுது என்று சொன்னால் நானும் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். மனுவை அவர் மேசைக்கு அனுப்பிய நாலு கையெழுத்துகளும் அவர் போட்டவை இல்லையே.

இதற்காகத்தான் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் ஒரு ஏற்பாட்டைச் சொன்னது. வழக்குப் போட்டவர் மனித உரிமை இயக்கக்காரர் இல்லை, உத்தரப் பிரதேசத்தில் டிஜிபியாக இருந்து ஓய்வுபெற்றவர். டி.எஸ்.பி. வரையிலான அதிகாரிகள் மேல் வரும் புகாருக்கு மாவட்ட ஆணையம், தலைவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. எஸ்.பி.யும் அதற்கு மேலும் என்றால் மாநில ஆணையம், தலைவர் உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவரையும் அரசு தன் இஷ்டத்துக்குப் போட முடியாது, தலைமை நீதிபதி தரும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும். மாநிலங்கள் சொந்தச் சட்டம் போடும்வரை இந்த உத்தரவு நடைமுறையில் இருக்கும் என்றும் தீர்ப்பு சொன்னது.

நம் மாநிலம் அந்தக் கடைசி வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 2013-ல் சட்டம் வந்தது. ஆணையங்களை அமைக்கும் உத்தரவு 2019-ல் வந்தது. மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர். உறுப்பினர்கள் டிஜிபியும் சட்டம் ஒழுங்கு கூடுதல் டிஜிபியும். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். தீர்ப்பில் இருந்த நீதிபதி சட்டத்துக்கு வரும் வழியில் எங்கேயோ இறங்கிவிட்டார். சென்னை மாநகரில் எஸ்.பி. என்ற பதவியே சட்டம் ஒழுங்குக்குக் கிடையாது. இங்கே அந்த நாற்காலியில் யார், எங்கே உட்கார்கிறார்கள், மனு எந்த விலாசத்துக்கு என்று எந்த ஸ்டேஷன் வாசல் பலகையிலும் நான் படித்ததில்லை. இந்த அமைப்பு தீர்ப்புக்கு விரோதம் என்று ஓய்வுபெற்ற ஐ.ஜி. ஒருவரே உயர் நீதிமன்றம் போனார். சட்டம் போட்டபோது இருந்தது ஒரு ஆட்சி, பிறகு வந்தது வேறு ஆட்சி. இந்த ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் சண்டையே இல்லை.

பக்கத்துக் கேரளத்தில் 2011-ல் போட்ட காவல் சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியும் மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைவர்கள். அங்கேயும் உறுப்பினர்களாக அதிகாரிகள் உண்டு. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லவில்லை. தலைமை நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்பதையாவது அவர்கள் சரியாக எழுதியிருக்கிறார்கள்.

நீதிபதிகளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம் என்று உங்கள் துறை சொல்ல முடியாது, ஐயா. எங்கள் ஏரியாவில் சின்னப் பையனுக்குக்கூட 'அறிவுரைக் கழகம்' என்ற சொல் தெரியும். 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டம், அதாவது குண்டாஸ். கமிஷனர் கையெழுத்துப் போட்டால் ஓராண்டு உள்ளே. ஆனால் அந்த உத்தரவை மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும், ஏழு வாரத்துக்குள் கழகம் கருத்துச் சொல்ல வேண்டும். உட்காருகிறவர்கள் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்கள், அல்லது அதற்குத் தகுதி உள்ளவர்கள். அரசியலமைப்பின் 22-வது பிரிவு கட்டாயப்படுத்துகிறது, அதனால் அரசு தவறாமல் செய்கிறது. காலையில் சாப்பாட்டு மூட்டையோடு தாய்மார்கள் அங்கே போய்க் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையை உள்ளே வைத்தது சரியா என்று பார்க்க நீதிபதி உண்டு. அதே பிள்ளையின் காலை வீங்க வைத்தது யார் என்று பார்க்க மட்டும் டிஜிபி போதுமா?

இன்னொன்றும் உங்கள் கோப்பில் இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகளில் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கும் நிர்வாக நடுவர் அதிகாரம் சென்னையில் துணை ஆணையர்களிடம் இருந்தது. பிடித்து வந்தவரும் போலீஸ், பிணை கேட்டவரும் போலீஸ், பிணையை மீறினாய் என்று ஜெயிலுக்கு அனுப்பியவரும் போலீஸ். இந்த 'பைண்ட் ஓவர்' எங்கள் பக்கம் எத்தனை வீட்டைச் சுற்றியது என்று வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ கேட்டுப் பாருங்கள். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. போலீஸ் வேலையையும் தீர்ப்பு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுக்காதே என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அது துணை ஆணையருக்குப் பொருந்தினால் டிஜிபிக்கு ஏன் பொருந்தாது?

இப்போது கேமரா விஷயம். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எங்கெங்கே கேமரா வேண்டும் என்று இடம் இடமாக எழுதியது. வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை, எஸ்.ஐ. அறை, ஸ்டேஷனின் பின்பக்கம், கழிவறைக்கு வெளியே. ஒலியும் பதிவாக வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கழிவறைக்கு வெளியே என்று நீதிபதிகள் ஏன் தனியாக எழுதினார்கள் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது' என்று செய்தி, கீழே மாவுக்கட்டோடு படம், அதற்கு நம் ஜனமே கைதட்டல். சிரித்தவர்களில் என் வாடிக்கையாளர்களும் உண்டு, அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டுப் போடும் வரை. ஸ்டேஷன் கழிவறை பிடிபட்டவர்களுக்கு மட்டும்தான் வழுக்குமா என்று உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் கேட்டுவிட்டது.

கேமரா இருந்தும் பயனில்லாமல் போனதற்கு சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூனில் அப்பாவும் மகனும் செத்த பிறகு விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், ஹார்டு டிஸ்க்கில் இடம் நிறைய இருந்தும் பதிவு அன்றன்றைக்கே அழியும்படி அமைத்திருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அவரையே ஒரு காவலர் ஒருமையில் கேவலமாகப் பேசினார். தடயம் அழியாமல் இருக்க அந்த ஸ்டேஷனை வருவாய்த் துறையின் பொறுப்பில் விடச் சொன்னது நீதிமன்றம். யோசித்துப் பாருங்கள், ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு தாசில்தாரைக் காவல் வைக்க வேண்டி வந்தது. நடுவருக்கே இந்த மரியாதை என்றால் மீன் சுத்தம் செய்யும் அக்காவுக்கு என்ன கிடைக்கும்?

எங்கள் பக்கமும் இதெல்லாம் தூரத்துச் செய்தி இல்லை. 2022 ஏப்ரலில் தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையம், ஜூனில் கொடுங்கையூர் காவல் நிலையம், இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பேர் போலீஸ் பிடியில் இறந்தார்கள். வழக்குகள் சிபிசிஐடிக்குப் போயின. 2025 ஜூனில் திருப்புவனம். கோயில் காவலாளி ஒருவரை, எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல், நகை காணோம் என்ற வாய்ப் புகாரின் பேரில் தனிப்படை அடித்தே கொன்றது. யாரோ ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த படம் இல்லாவிட்டால் அதுவும் வேறு கதையாகியிருக்கும். செத்தால் விசாரணை வருகிறது, சிபிஐகூட வருகிறது. சாகாமல் நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவனுக்கு என்ன வருகிறது என்பதுதான் என் கேள்வி. கடைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலும் அந்த ரகம்தான். அடி, பறித்துக்கொண்டு திருப்பித் தராத செல்போன், வண்டி, வீட்டுப் பெண்களைப் பார்த்துப் பேசிய பேச்சு, எஃப்.ஐ.ஆர். கேட்டால், வழக்குப் போடாமல் மனு வாங்கியதற்கு மட்டும் நீட்டும் சிஎஸ்ஆர் ரசீது. பேப்பரில் வராத புகார்கள். அவற்றுக்குத்தான் ஆணையம்.

மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-ல் சொல்லியும் இருக்கிறது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும், அலைய வேண்டும், தினக்கூலியை விட வேண்டும். ஸ்டேஷனின் அன்றாட நடத்தையைப் பார்ப்பதற்கென்றே ஒரு அமைப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தனியாகச் சொன்னது இது இருப்பது தெரிந்துதான்.

பொய்ப் புகார் வராதா? வரும். நானே அடித்துக் கொடுத்திருப்பேன், யார் கண்டது. வாய்க்கால் தகராறில் எதிராளிக்குச் சாதகமாகப் போய்விட்டார் என்ற கோபத்தில் எஸ்.ஐ. மேல் மனு எழுதச் சொல்லி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எஸ்.ஐ.க்கும் இதே அமைப்பால் நியாயம் கிடைக்காது. தன் மேலதிகாரி 'புகார் பொய்' என்று எழுதினால் ஊர் நம்பாது, ஒரு நீதிபதி எழுதினால் நம்பும். சாத்தான்குளத்தில் நடந்ததைத் தைரியமாகச் சாட்சி சொன்னது அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர். அவரைப் போன்ற ஒருவர் சாவு விழும் முன்பே ரகசியமாகப் போய்ச் சொல்ல ஒரு கதவு இருந்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும். டிஜிபி உறுப்பினராக உட்கார்ந்திருக்கும் கதவை எந்தத் தலைமைக் காவலர் தட்டுவார்?

சட்டத்தைத் திருத்துவது சட்டமன்றத்தின் வேலை, தெரியும். ஆனால் வரைவு எழுதுவது உங்கள் துறை. 2013 சட்டத்தில் ஆணையத்தின் தலைவர், உறுப்பினர் யார் என்ற இடத்தை மட்டும் மாற்றினால் போதும். தலைமை நீதிபதி தரும் பட்டியலிலிருந்து ஒரு நீதிபதி, கூட வெளியாட்கள், அதில் கட்டாயம் ஒரு பெண். பணியில் இருக்கும் காவல் அதிகாரி யாரும் வேண்டாம். ஆணையத்துக்குச் சொந்தமாக விசாரணை ஆட்கள் வேண்டும். இல்லாவிட்டால் நீதிபதியும் 'அறிக்கை அனுப்புக' என்று அதே ஸ்டேஷனுக்குத்தான் எழுதிக்கொண்டிருப்பார்.

அதுவரை உங்கள் ஒரு கையெழுத்தில் நடக்கக்கூடியவை சில உண்டு. போலீஸ் மேல் வரும் எந்த மனுவையும் அந்த ஸ்டேஷனுக்கோ, அதே உதவி ஆணையர் சரகத்துக்கோ, அதே துணை ஆணையர் மாவட்டத்துக்கோ அனுப்பக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். வண்ணாரப்பேட்டை மாவட்டத்துப் புகாரைப் பூக்கடை பார்க்கட்டும் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் ஒரே குடும்பம்தான். வருவாய்க் கோட்டாட்சியர் பார்க்கட்டும். காவலில் நடந்த கொடுமைகளை அவர் விசாரிப்பது காவல் நிலையாணை 151-ல் ஏற்கெனவே உள்ள வழக்கம்தான். மனுதாரரை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவே கூடாது. தாசில்தார் அலுவலகத்துக்குக் கூப்பிடட்டும், கூடத் துணைக்கு ஒருவர் வரலாம் என்று எழுதியே கொடுக்கட்டும். 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று ஸ்டேஷனில் எழுதி வாங்கிய காகிதத்தை வைத்து எந்த மனுவையும் முடிக்கக் கூடாது. அந்த ஒரு பழக்கத்தை நிறுத்தினாலே பாதிப் பேர் பிழைத்துக்கொள்வார்கள்.

மனு கிடைத்த அன்றைக்கே அந்தத் தேதியின் கேமரா பதிவை எடுத்து ஸ்டேஷனுக்கு வெளியே பத்திரப்படுத்த உத்தரவிடுங்கள். அந்த 2020 தீர்ப்பு மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் ஆட்சியர், எஸ்.பி.யோடு மேயருக்கும் ஒரு இடம் கொடுத்திருக்கிறது. சென்னையில் அந்தக் குழு கூடுகிறதா, எத்தனை கேமரா வேலை செய்கிறது என்பதை ரிப்பன் மாளிகை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கேமரா இருக்கிறது, மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம் என்று ஸ்டேஷன் வாசலில் உள்ளூர் மொழியில் பெரிதாக எழுதி வைக்கவும் அதே தீர்ப்பு சொல்கிறது. எங்கள் பக்கத்து ஸ்டேஷன்களில் நன்கொடையாளர் பெயர்ப் பலகைதான் பெரிதாக இருக்கிறது.

உங்கள் ஆணையத்துக்கு 2019-லிருந்து எத்தனை மனு வந்தது, எத்தனையை விசாரித்தீர்கள், எத்தனை பேர் மேல் நடவடிக்கை என்ற கணக்கை வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே போடுங்கள்.

பதிலை என் பகுதி ஆய்வாளர் மூலமாக அனுப்ப வேண்டாம். ஆணையத்தின் தபால் விலாசமும், மனு வாங்கும் நேரமும், ஒப்புகை தருபவரின் பதவியும் எழுதிய ஒரு பக்க அரசாணை போதும். நூறு நகல் எடுத்து என் செலவில் கடை வாசலில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
வட சென்னையில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவன்

நகல்: காவல்துறைத் தலைமை இயக்குநர், சென்னைப் பெருநகரக் காவல் ஆணையர், சென்னை மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி மேயர், வட சென்னைச் சட்டமன்ற உறுப்பினர்கள்.